பழைய வீட்ட இடிக்காம புதுசாக்கணுமா? எங்க ஆரம்பிக்கணும், எத கடைசில செய்யணும்

பாளையங்கோட்டை, டவுண், பேட்டை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, களக்காடுன்னு நம்ம திருநெல்வேலி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு நாலஞ்சு வீடு இப்படி இருக்கும். தாத்தா காலத்துல செங்கலும் காரையும் வச்சுக் கட்டுனது, அப்பா காலத்துல பின்னாடி ஒரு ரூமும் பாத்ரூமும் சேத்தது, அதுக்கப்புறம் யாரும் கைய வைக்காதது. செவுத்துல பச்ச டிஸ்டெம்பர், கதவுக்கு பிரவுன் எனாமல், மூலைல கண்ணடிச்சிக்கிட்டே எரியுற டியூப் லைட்டு, கடகடன்னு சத்தம் போடுற ஃபேன். சென்னைலயோ பெங்களூர்லயோ இருந்துட்டு ஊருக்குத் திரும்பி வாரவங்க, கல்யாணம் முடிஞ்சு புதுசா இந்த மாதிரி வீட்டுக்குள்ள வாரவங்க, எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்விதான், இடிச்சிட்டுக் கட்டிரலாமா, இல்லன்னா இன்டீரியர்காரங்கள கூப்பிட்டு மொத்தமா மூடிரலாமான்னு.

ரெண்டும் வேண்டாங்க. அந்த வீட்டுக்கு கனமான செவுரு இருக்கு, உயரமான கூரை இருக்கு, தேக்கு நிலை இருக்கு, சித்திரை வைகாசில வெளிய 40 டிகிரி அடிக்கும்போது கூட தார்சாவுல, அதாவது முன்பக்கத் தாழ்வாரத்துல, உக்காந்தா ஒரு குளிர்ச்சி இருக்கு. இத இன்னைக்கு காசு குடுத்துக் கட்ட முடியாது. இருட்டும் ஈரமும் பழைய வயரிங்கும் அழுக்குப் பெயிண்டும்தான் அத பழசாக் காட்டுது. அந்த நாலையும் சரி பண்ணிட்டா வீடு தானா புதுசாயிரும், ஆனா வரிசையா செய்யணும். மொத தண்ணி, பெறவு கரண்டு, அப்புறம் வெளிச்சம், அதுக்கும் அப்புறந்தான் பெயிண்ட்டு. நெறைய பேரு பொங்கல் வருது, வீட்டுல சடங்கு வருதுன்னு பெயிண்ட்ட மொதல்ல அடிச்சிருதாங்க, ஆறு மாசத்துல உப்பு பூத்து உதிருது, இல்லன்னா எலக்ட்ரீசியன் வந்து புதுப் பெயிண்ட்டுலயே செவுர வெட்டுதாரு. போட்ட துட்டு அங்கனயே போச்சு.

துட்டு எடுக்குறதுக்கு முன்னாடி

ஒரு நோட்ட எடுத்துக்கிட்டு காலைல ஒரு தடவ, உச்சி வெயில்ல ஒரு தடவ, ராத்திரி லைட்டப் போட்டு ஒரு தடவ வீடு முழுக்க நடங்க. எந்த ரூம்ல பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்கு, எந்தச் செவுரு தொட்டா ஜில்லுன்னு ஈரமா இருக்கு, எந்தக் கதவு தரைல ஒரசுது, எந்த சுவிட்ச்சு சுடுது, எல்லாத்தையும் எழுதுங்க. போட்டோவும் எடுத்து வச்சிக்கிடுங்க, கண்ணுக்குப் பழகிப்போன குறையெல்லாம் போட்டோல பளிச்சுன்னு தெரியும்.

ஒரே நேரத்துல வீடு பூரா இறங்காதீங்க. ஒரு ரூம எடுங்க, முடிங்க, அப்புறம் அடுத்தது. ஆரம்பிக்க நல்ல இடம் பட்டாசாலைதான், வாரவங்க போறவங்க எல்லாரும் உக்காருற இடம், வீட்டுல உள்ள பெரியவங்களுக்கும் "அட, நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒரு நம்பிக்கை வந்துட்டா அடுத்த ரூமுக்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டாங்க. அந்த ரூம்ல உள்ள சாமான் எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சிட்டு வெறும் ரூமா ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. எத திரும்ப உள்ள கொண்டு வரணும், எது வேண்டாம்னு அப்பத் தெரியும். பரண்ல கிடக்குற பித்தளை அண்டா, மரப்பெட்டி, சாய்வு நாற்காலி இதையெல்லாம் மட்டும் அவசரப்பட்டு பழைய சாமான்காரர்ட்ட போட்டுறாதீங்க. பின்னாடி வேலை இருக்கு.

தண்ணியும் ஈரமும்

இதுதான் இருக்கதுலயே முக்கியமான வேலை, கண்ணுக்குத் தெரியாத வேலை, அதனால எல்லாரும் தாண்டிப் போற வேலை.

மொதல்ல தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு ஏறுங்க. தண்ணி போற ஓட்டைல வேப்ப எலையும் மண்ணும் அடைச்சிருக்கும், அத எடுங்க. ஒரு வாளித் தண்ணிய ஊத்தி அது எங்க ஓடுது, எங்க தேங்கி நிக்குதுன்னு பாருங்க. தேங்குற இடத்துக்குக் கீழதான் உங்க ரூம்ல கறை இருக்கும். பழைய கட்டைக்குத்து மட்டப்பாவுல, அதாவது மர உத்தரத்து மேல செங்கல குத்துவாட்டுல அடுக்கி சுண்ணாம்புக் காரை போட்ட கூரைல, மேல பதிச்ச தட்டோட்டுக்கு நடுவுல உள்ள பூச்சு விட்டிருக்கும். அந்த எணைப்ப மட்டும் நல்ல கொத்தனார வச்சு சரி பண்ணாலே பாதி ஒழுக்கு நின்னுரும். உத்தரக்கட்டை செவுத்துக்குள்ள போற எடத்த ஒரு ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, பொதுக்குன்னு உள்ள போச்சுன்னா செல்லு (கரையான்) அரிச்சிருக்கு, அந்த ரூம்ல மத்த வேலை எதுவும் தொடங்காம முதல்ல ஆசாரியவும் தெரிஞ்ச இன்ஜினியரையும் கூப்பிடுங்க.

ஓட்டு வீடா இருந்தா ஒடஞ்ச ஓட்ட மாத்துறது சின்ன வேலை, ஆனா கடைக்கு போகும்போது உங்க வீட்டு ஓடு ஒண்ண கைல எடுத்துட்டுப் போங்க. பாசல் மிஷன்காரங்க 1865ல மங்களூர்ல ஓட்டு பேக்டரி ஆரம்பிச்ச பெறகு கேரளாவுலயும் நெறைய கம்பெனி வந்துச்சு, ஒவ்வொண்ணோட அளவும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், பெரட்டிப் பாத்தா அடில கம்பெனி பேரு அச்சுல இருக்கும். அளவு சேராத ஓட்டப் போட்டா அந்த இடுக்கு வழியாவே தண்ணி எறங்கும்.

அடுத்தது செவுரு. 2023 டிசம்பர் 17, 18ல பேஞ்ச மழைல தாமிரபரணி தண்ணி வீட்டுக்குள்ள வந்துட்டுப் போன எடங்கள்ல பல வீட்டுக்கு கீழ மூணடி உயரத்துக்கு உப்பு பூத்து நிக்குது. வெள்ளம் வராத வீட்டுலயும் தரைல இருந்து ஈரம் மேல ஏறும். சோதிச்சுப் பாக்க ஒரு எளிய வழி, ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் ஷீட்ட செவுத்துல நாலு பக்கமும் டேப் வச்சு காத்து போகாம ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. பிரிக்கும்போது ஷீட்டுக்கு உள்பக்கம், செவுத்த ஒட்டி, தண்ணி முத்து முத்தா இருந்தா ஈரம் செவுத்துக்குள்ள இருந்து வருது. வெளிப்பக்கம் இருந்தா அது ரூம் காத்துல உள்ள ஈரம், ஜன்னலத் திறந்து விட்டாப் போதும்.

செவுத்துல ஈரம் இருந்தா அது எங்க இருந்து வருதுன்னு தேடணும். பைப்பு கசியுதா, புறவாசல்ல தண்ணி செவுத்தடில நிக்குதா, வெளிய மண்ணு மேடாகி உள்தரைக்கு மேல ஏறிருச்சா? இந்த மூணுல ஒண்ணாத்தான் பெரும்பாலும் இருக்கும். அத சரி பண்ணிட்டு, உப்புப் பூத்தத காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுத்து கூட்டி வெளிய கொட்டணும். தண்ணி விட்டுக் கழுவாதீங்க, உப்பு கரஞ்சு திரும்ப உள்ள போயிரும். அப்புறம் வெயில் காலம் ஒண்ணு முழுசா காய விடுங்க, பொறுமை வேணும். கடைல வாட்டர்புரூஃப் புட்டின்னு குடுப்பாங்க, உள்பக்கம் அத பூசுனா ஈரம் போறதுக்கு வழியில்லாம மேல ஏறி நாலடில வந்து நிக்கும். கீழ மூணடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைக்கிறதும் இதே கததான், சுண்ணாம்புச் செவுரு மூச்சு விடணும். உதிர்ந்த எடத்துல திரும்பவும் சுண்ணாம்புக் கலவையே பூசச் சொல்லுங்க, சிமெண்ட ஒட்டுப் போட்டா அது இறுகி தனியா பேந்து வரும்.

கரண்டு

பழைய மரப்பட்டை வயரிங், பீங்கான் ஃபியூஸ், ரெண்டு ஓட்டை பிளக்கு இதெல்லாம் இன்னும் உங்க வீட்டுல இருந்தா கர்ட்டன் வாங்குற துட்ட எடுத்து இதுக்குப் போடுங்க. இதுல சிக்கனம் பாக்கக் கூடாது, நம்ம பிள்ளைங்க தொடுற சுவிட்ச்சு.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன கூப்பிட்டு மொதல் கேள்வியா "அண்ணாச்சி, நம்ம வீட்டு எர்த்து எங்க இறங்குது, காட்டுங்க"ன்னு கேளுங்க. பல வீட்டுல மூணு பின் பிளக்கு இருக்கும், ஆனா மேல உள்ள ஓட்டைல வயரே இருக்காது, அதனாலதான் ஃபிரிட்ஜத் தொட்டா சுருக்குங்குது. எர்த்து சரியாக்கிட்டு மெயின்ல எம்சிபியும் (லோடு கூடுனா தானா விழுற சுவிட்ச்சு) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்க, கரண்டு கசிஞ்சு ஆள் மேல பாஞ்சா ஆர்சிசிபி சட்டுன்னு விழுந்து காப்பாத்தும். அதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், எடைக்கெட அமுக்கிப் பாத்துக்கிடணும். வயர் அளவு பொதுவா லைட்டு ஃபேனுக்கு 1 இல்ல 1.5 ஸ்கொயர் எம்எம், கிரைண்டர் அயர்ன்பாக்ஸ் போடுற பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4. ஏசி புதுசா வைக்கிறதா இருந்தா ஈபி ஆபீஸ்ல லோடு ஏத்தவும் எழுதிக் குடுக்கணும்.

கனத்த காரைச் செவுர வயருக்காக நீளமா வெட்டாதீங்க, பொலபொலன்னு கொட்டும். மேலயே பிவிசி கேசிங் பட்டிய உத்தரத்த ஒட்டி, நிலைய ஒட்டி நேரா ஓட்டி, செவுத்துக் கலர்லயே பெயிண்ட் அடிச்சிட்டா கண்ணுக்கே தெரியாது. போர்டு மாத்தும்போதே கட்டில் பக்கத்துல ஒரு டூவே சுவிட்ச்சு, மேசை போடப் போற எடத்துல ரெண்டு பிளக்கு, பாத்ரூம் போற வழில ஒண்ணுன்னு யோசிச்சு வச்சிக்கிடுங்க. மஞ்சளாப் போன கருப்புப் போர்டு போயி வெள்ளை மாடுலர் சுவிட்ச்சு வந்தாலே ரூம் பத்து வயசு எளமையாத் தெரியும்.

ஃபேனப் பத்தி ஒரு கணக்கு. பழைய ஃபேன் 75 வாட் கிட்ட இழுக்கும், இப்ப உள்ள, கரண்டு கம்மியா இழுக்குற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட் அளவுலதான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுதுன்னு வைங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அவ்வளவு ஓடத்தான் செய்யும், ரெண்டு மாச பில்லுக்கு ஒரு ஃபேன்லயே 40 யூனிட் மிச்சம். 100 யூனிட் வரைக்கும் இலவசம்ங்கிற எடத்துல 40 யூனிட் சின்ன விஷயம் கெடையாது.

வெளிச்சம்

பல்பு வாங்குறதுக்கு முன்னாடி சூரிய வெளிச்சத்த உள்ள விடுங்க. நம்ம பழைய வீடு வெயிலுக்குப் பயந்து கட்டுனது, ஜன்னல் சின்னதா இருக்கும், அந்தச் சின்ன ஜன்னலுக்கு முன்னாடியும் பீரோவ வச்சிருப்போம். பீரோவ நவுத்துங்க. ஜன்னல் கம்பிகள தேச்சுக் கழுவுங்க. ஓட்டு வீட்டுல அடுக்களையும் ரெண்டாங்கட்டும் (பின்பக்கத்துக் கட்டு) இருட்டா இருந்தா ரெண்டு கண்ணாடி ஓடு போடுங்க, ஓட்டு அச்சுலயே கண்ணாடில செஞ்சு விக்குது, ஒரு ஓட்ட எடுத்துட்டு அத வைக்கிற வேலைதான், அரை நாள்ல அடுக்களையே மாறிரும். சின்ன வேலைல இவ்வளவு பெரிய பலன் குடுக்குறது வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. மேக்கால வெயில் விழுற எடத்துல மட்டும் போடாதீங்க, சாயங்காலம் அடுப்பு சூட்டோட அந்த வெயிலும் சேந்துக்கிடும்.

ராத்திரி வெளிச்சத்துக்கு எல்இடி பல்பு அட்டைல கே-ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அதப் பாத்து வாங்குங்க. 2700ல இருந்து 3000 வரைக்கும் மஞ்சள் வெளிச்சம், 4000 நடுவாந்தரம், 6500 டியூப் லைட் மாதிரி வெள்ளை. உக்காருற எடம், படுக்குற எடத்துக்கு 3000, அடுக்களைக்கும் பிள்ளைங்க படிக்கிற மேசைக்கும் 4000. கடைக்காரங்க கேக்காமலே 6500 எடுத்துக் குடுப்பாங்க, அந்த வெள்ளை வெளிச்சத்துல பழைய செவுத்தோட மேடு பள்ளம் எல்லாம் தெரியும், ஆஸ்பத்திரி வராண்டா மாதிரியும் ஆயிரும். ஒரே ரூம்ல ரெண்டு நிறத்த கலக்காதீங்க. அதே மாதிரி நடு உச்சில ஒரே பெரிய லைட்டுக்குப் பதிலா செவுத்துல ரெண்டு, மூலைல ஒரு ஸ்டாண்டு லைட்டுன்னு பிரிச்சு வைங்க. விளக்கு மாடம் இருக்குற வீடா இருந்தா பெயிண்ட்காரர் அத சிமெண்ட வச்சு அடைக்கலாமான்னு கேப்பாரு, விடாதீங்க. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம ஒரு சின்ன மஞ்சள் எல்இடி பட்டிய ஒட்டிப் பாருங்க, அந்தச் செவுருதான் வீட்டுலயே அழகான செவுரா இருக்கும்.

பெயிண்ட்டு

காலம் மொதல்ல. தை மாசி பங்குனிதான் சரி. ஐப்பசி கார்த்திகை அடமழைல செவுரு காயாது, ஆடில காத்து மண்ண வாரி ஈரப் பெயிண்ட்டுல அப்பும், தென்காசி செங்கோட்டை பக்கம்னா சாரல் நேரத்துல செவுரு நமுத்தே கிடக்கும்.

செவுத்துல என்ன அடிச்சிருக்குன்னு பாக்க உள்ளங்கையால தேய்ங்க. கைல வெள்ளையா மாவு ஒட்டுனா சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ. அது மேல நேரா தண்ணில கலக்குற எமல்ஷன் பெயிண்ட் அடிச்சா அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும், அதனால சுரண்டி எடுக்கணும். ஒட்டாம வழுவழுன்னு இருந்தா எனாமல், அத 120 நம்பர் உப்புத்தாள் வச்சு மினுமினுப்பு போற வரைக்கும் தேச்சாத்தான் புதுசு பிடிக்கும். ஆனா பழைய எனாமல்ல ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல சட்டம் 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச எதையும் காஞ்சபடி தேய்க்காதீங்க. தண்ணி தொட்டு ஈரமாத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க, தூசிய வாரியல் வச்சுக் கூட்டாம ஈரத்துணில தொடச்சு எடுங்க, சின்னப் பிள்ளைங்களையும் மாசமா இருக்குறவங்களையும் அந்த வேலை முடியுற வரைக்கும் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிருங்க.

செவுரு சிமெண்ட் பூச்சா இருந்தா சுரண்டல், உப்புத்தாள், பிரைமர், தேவைப்பட்ட எடத்துல மட்டும் புட்டி, திரும்ப தேச்சு ஒரு பிரைமர், ரெண்டு கோட்டு பெயிண்ட்டு. புதுசா பூசுன எடம் இருந்தா அது 28 நாளாவது காயணும். காரைச் செவுரா இருந்தா என்னோட விருப்பம் சுண்ணாம்புதான், சிப்பிச் சுண்ணாம்ப தண்ணி ஊத்தி நீத்து, வடிகட்டி, துளி நீலம் சேத்து மூணு கோட்டு மெலிசா அடிச்சா அதோட வெண்மை எந்தப் பெயிண்ட்டுலயும் வராது, ஈரமும் வெளிய போகும், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்காது. நீத்தும்போது கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுக்கு கண்ணாடி, கைக்கு கிளவுஸ் கட்டாயம்.

நிறத்துக்கு ரொம்ப அலைய வேண்டாம். கூரை வெள்ளை, செவுரு மோர் நிறம் இல்ல மணல் நிறம், ஒரே நிறத்த ரூமுக்கு ரூம் தொடர்ந்து அடிங்க, சின்ன வீடும் பெருசாத் தெரியும். ரூமுக்கு ஒரு செவுரு மட்டும் அடர் செவப்பு, ஊதான்னு அடிக்கிறது ரெண்டு வருசத்துல சலிச்சுப் போகும், அந்தப் பழக்கமே இப்ப பழசாயிருச்சு. மேடு பள்ளம் உள்ள செவுத்துக்கு மினுமினுப்பு இல்லாத மேட் ஃபினிஷ் எடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி சின்ன டப்பா வாங்கி ரெண்டடி சதுரத்துக்கு அடிச்சு காலைலயும் ராத்திரியும் பாருங்க, அட்டைல பாத்த நிறமும் உங்க செவுத்து நிறமும் ஒண்ணா இருக்காது. அளவுக்கு, பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா செவுரு 400 சதுர அடி, கதவு ஜன்னல கழிச்சிக்கிடுங்க, லிட்டருக்கு எத்தன சதுர அடின்னு டின் மேலயே போட்டிருக்கும். பெயிண்ட்டர்ட்ட பேசும்போது எத்தன கோட்டு, பிரைமர் உண்டா, என்ன கம்பெனி என்ன ரகம்னு பேப்பர்ல எழுதி வாங்கிக்கிடுங்க.

கடைசி கோட்ட மட்டும் நிறுத்தி வைங்க. தரை வேலை முடியட்டும்.

தரை

பழைய தரை மேல டைல்ஸ் ஒட்டுறதுக்கு எல்லாரும் அவசரப்படுதாங்க. கலவையோட சேத்து தரை ஒண்ணு ஒன்ற அங்குலம் உயரும், எல்லாக் கதவையும் அடில அறுக்கணும், நிலைப்படி தாந்து போகும், நடைல ஏறி எறங்குற படியெல்லாம் கணக்கு தவறி ஆச்சி தடுக்கி விழுவாங்க. அத்தன செலவுக்கு கிடைக்கிறது எல்லார் வீட்டுலயும் இருக்குற வழுவழு தரை.

மொசைக் தரையா, பாலிஷ் போடுங்க. மிஷின்ல சொரசொரப்புக் கல்லுல ஆரம்பிச்சு நைஸ் கல்லு வரைக்கும் மாத்தி மாத்தி தண்ணி ஊத்தித் தேச்சா, இருவது முப்பது வருச அழுக்குக்குக் கீழ இருந்து அந்தச் சின்னச் சின்னக் கல்லு எல்லாம் மறுபடி பளபளன்னு எழும்பும், பாத்தவங்க புதுசா போட்டீங்களான்னுதான் கேப்பாங்க. தேய்க்கும்போது சேத்துத் தண்ணி செவுத்துல ஒரு அடிக்குத் தெறிக்கும், கடைசி கோட்ட நிறுத்தச் சொன்னது இதுக்குத்தான். செவப்பு ரெட் ஆக்சைடு தரையா இருந்தா மிஷின் வேண்டாம், சோப்புத் தண்ணில நல்லாக் கழுவி, முழுசா காஞ்ச பெறகு தரை மெழுக மெலிசா துணில தேச்சு விடுங்க. சிலர் தேங்காண்ணெய் போடுவாங்க, ரொம்ப கம்மியா போட்டா சரி, கூடிப்போனா வழுக்கும், தூசி பிடிக்கும். ரெண்டு தரைக்கும் ஆசிட் ஆகவே ஆகாது, பாத்ரூம் கழுவுற ஆசிட்ட மொசைக்ல ஊத்துனா அந்தக் கல்லையும் சிமெண்டையும் அரிச்சு சொரசொரன்னு ஆக்கிரும்.

கதவு, நிலை, கொண்டி

அந்த பிரவுன் எனாமலுக்குக் கீழ என்ன மரம் இருக்குன்னு பாக்கணும். கதவோட பின்பக்கம் கீழ் மூலைல ஒரு சாண் எடத்துல மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவி சுரண்டிப் பாருங்க. தேக்கோ வேங்கையோ அயனியோ இருந்தா முழுக்க எடுக்குறது வேலைக்குத் தகும். ஹீட் கன்னும் பயன்படுத்தலாம், பெயிண்ட் இளகுனா போதும், பொக வார அளவுக்கு சூடேத்தக் கூடாது, ஈயப் பொக ஆபத்து. எல்லாக் கதவுக்கும் செய்ய பொறுமையும் துட்டும் இருக்காது, வாசக்கதவு ஒண்ணுக்கு செய்ங்க, மத்ததுக்கு செவுத்து நிறத்துக்கு ஒத்த மாதிரி வெளிர் நிறத்துல அடிச்சிருங்க.

சுரண்டுன மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ரெண்டு மூணு தடவ, ஒண்ணு நல்லா காஞ்ச பெறகு அடுத்தது. எண்ணெய் தொட்ட துணிய மட்டும் சுருட்டி மூலைல போட்டுறக் கூடாது, அது தானா சூடாகி தீப்பிடிக்கும், வெளிய விரிச்சுக் காயப் போட்டு அப்புறந்தான் தூரப் போடணும். பித்தளைக் கொண்டி, நாதாங்கி, கைப்பிடி எல்லாத்தையும் கழட்டி புளி போட்டுத் தேச்சு, கழுவி, ஈரம் போகத் தொடச்சு மாட்டுங்க. இத எடுத்துட்டு ஸ்டீல் தாப்பாள் போடுறாங்க பாருங்க, அதப் பாத்தா எனக்கு மனசு தாங்காது, அந்த கனமான வேலைப்பாடு இப்ப செய்ய ஆளும் கொறவு. கீல் கிறீச்சுன்னா தையல் மிஷின் எண்ணெய் விடுங்க.

அடுக்களையும் பாத்ரூமும்

மாடுலர் கிச்சன் இல்லாமலே அடுக்களை மாறும். கடப்பா கல் தட்ட சோடா மாவும் சோப்பும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்ங்க, புகைபோக்கிக்கு பக்கத்துல ஒம்போது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைங்க, மேல் தட்டுக்கு அடில ஒரு எல்இடி பட்டி, சிங்க்குக்கு உயரமான வளஞ்ச குழாய், கீழ் தட்டுகளுக்கு மட்டும் கதவு. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணி உப்பா இருக்கும், குழாய் வாய்ல உள்ள சல்லடை அடைச்சிக்கிடும், அதக் கழட்டி வினிகர்ல ஊறப் போட்டா போதும், குழாயவே மாத்த வேண்டாம். புறவாசல்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தா அதுல டிரில் போடவோ ஒடைக்கவோ செய்யாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு கேடு.

பாத்ரூம்ல வழுக்காத தரையும், ஆச்சி தாத்தா பிடிச்சு எந்திரிக்க செவுத்துல ஒரு கம்பியும், நல்ல லைட்டும். மிச்சம் எல்லாம் அப்புறம்.

திரும்ப உள்ள என்ன வரணும்

படங்கள எல்லாம் கழட்டிருப்பீங்க இல்லியா. பழைய வழக்கப்படி கூரைய ஒட்டி சாச்சு வரிசையா திரும்ப மாட்டாதீங்க. தாத்தா ஆச்சி படம், கல்யாணப் படம் எல்லாத்தையும் ஒரே செவுத்துல, படத்தோட நடு தரைல இருந்து அஞ்சடிக்கு கொஞ்சம் கீழ வார மாதிரி, சேத்துச் சேத்து மாட்டுங்க, முகம் தெரியும், பிள்ளைங்க நின்னு யாரு யாருன்னு கேப்பாங்க. ஃபிரேம் பழசு அப்படியே இருக்கட்டும், கண்ணாடிய மட்டும் மாத்துங்க.

ஜன்னல் திரைக்கு கம்பிய ஜன்னல் சட்டத்துக்கு ஆறங்குலம் மேல, ரெண்டு பக்கமும் அரையடி தள்ளி மாட்டுனா சின்ன ஜன்னல் பெருசாத் தெரியும், திறக்கும்போது துணி வெளிச்சத்த மறைக்காது. துணி ஒரே நிறத்துல பருத்தி போதும், பீரோல கிடக்குற பழைய கைத்தறிச் சேல கூட அருமையான திரையாகும். அப்புறம் பத்தமடைப் பாய். ஆத்தோரத்துக் கோரைல நெய்யுறது, புவிசார் குறியீடு வாங்குனது, அத விரிச்சுப் படுக்க மட்டும் வச்சிருக்கோம். திண்ணை பெஞ்சுக்குப் பின்னாடி செவுத்துல சாய்மானமா மாட்டுங்க, ரூம் நடுவுல கம்பளத்துக்குப் பதிலா சாதாப் பாய விரிங்க, நம்ம ஊர் புழுக்கத்துக்கு கம்பளத்த விட அதான் சொகம். ஈரம் படாமப் பாத்துக்கிடணும், மடிக்காம சுருட்டி வைக்கணும். காருகுறிச்சில போயி ரெண்டு மண்பானை வாங்கி செடி வைங்க. பரண்ல இருந்து இறக்குன பித்தளை அண்டா வாசல்ல குடை வைக்க, மரப்பெட்டி சோபாவுக்கு முன்னாடி டீப்பாயா, சாய்வு நாற்காலி புதுத் துணி போட்டு ஜன்னலோரத்துல. இதுக்கு மேல பெருசா ஃபர்னிச்சர் வாங்கத் தேவையிருக்காது, ஒவ்வொண்ணுக்கும் சுத்தி நடக்க எடம் விட்டாப் போதும்.

ஃபால்ஸ் சீலிங் கேப்பீங்க. ஓட்டு வீட்டுக்கும் கட்டைக்குத்து வீட்டுக்கும் வேண்டாம், உயரம் போகும், மேல எலி குடும்பம் நடத்தும், ஒழுக்கு வந்தா பலகை ஊறி விழுற வரைக்கும் தெரியாது. சூட்டுக்கு வழி வேணும்னா தட்டட்டி மேல வெயிலத் திருப்புற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிங்க, ராத்திரி ஃபேன் காத்து அனலா வாரது நல்லாவே கொறையும்.

வாடகை வீட்டுல இருக்குறவங்க வயரிங்கையும் கூரையையும் ஓனர்ட்ட பேசி அவங்கள வச்சே சரி பண்ணச் சொல்லுங்க, அது அவங்க பொறுப்பு. உங்க துட்டுல பல்பு, திரை, பாய், ஸ்டாண்டு லைட்டு, கழட்டி எடுத்துட்டுப் போகக்கூடிய ஃபேன், வெல்க்ரோ வச்ச கொசு வலை இவ்வளவும் வாங்குனாப் போதும். பெயிண்ட் அடிக்கணும்னா செலவ அட்வான்ஸ்ல கழிக்கிறதா வாட்ஸ்அப்லயாவது ஓனர் கையால எழுதி வாங்கிட்டு பெயிண்ட்டர வரச் சொல்லுங்க.